பெயருக்கு ஆண்டு வாடகை: இணையக் களப்பெயரின் செலவும் பொருளும்

மைசூருவில் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் பலர், கடன் விண்ணப்பத்துடன் அளிக்கும் தொழில் விவரக் குறிப்பில் இணையதள முகவரியையும் தருகின்றனர். ஊதுவத்தி செய்வோர், பட்டு விற்போர், மரத்தில் இழைப்பு வேலை செய்யும் கைவினைஞர், தங்கும் விடுதி நடத்துவோர் என எல்லாத் தரப்பினருக்கும் இன்று அத்தகைய முகவரி உண்டு. ஆனால், அந்த முகவரி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்நாள்வரை செல்லும், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினாக்களுக்கு உடனே விடை சொல்பவர் சிலரே. ஆண்டுக்குச் சற்றேறக்குறைய ஆயிரம் ரூபாய்ச் செலவுதானே என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம். செலவு சிறிதுதான். அச்செலவு எதற்காகச் செய்யப்படுகிறது என்பதை அறியாதிருப்பதால் நேரும் இழப்பு சிறிதன்று. எனவே இக்கட்டுரையில் களப்பெயரின் பொருளையும் செலவையும் ஒருங்கே ஆராய்வோம்.

களப்பெயர் என்பது யாது?

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. நீண்ட எண்களை மனிதர் நினைவில் வைத்திருக்க இயலாது. ஆகவே எண்ணுக்கு ஈடாக ஒரு பெயரை வழங்கி, அப்பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு 1983-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அவ்வாறு வழங்கப்படும் பெயரே வழக்கில் டொமைன் எனப்படும் களப்பெயர். டாட் காம் என முடியும் முதல் களப்பெயர் 1985-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று பதிவாயிற்று. இந்தியாவுக்குரிய டாட் இன் என்னும் ஈறு 1989-இல் ஒதுக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டில் அது எல்லார்க்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று அதனை நிருவகிப்பது நிக்சி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம்.

தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்கவும் வழி உண்டு. டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா என்னும் தமிழ் ஈறுகள் 2010, 2011-ஆம் ஆண்டுகளிலேயே உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. கன்னடம் உள்ளிட்ட பிற இந்திய மொழிகளுக்கும் இத்தகைய ஈறுகள் உள்ளன. ஆயினும் தமிழ் எழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை எல்லா மென்பொருள்களும் இன்னும் ஏற்பதில்லை. ஆதலால் ரோமன் எழுத்திலான முகவரி ஒன்றையும் உடன் வைத்திருப்பதே இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்தது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

"டொமைன் வாங்கிவிட்டேன்" என்று சொல்வது வழக்கம். உண்மையில் அதனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்திற்கு அப்பெயரைத் தாம் மட்டும் பயன்படுத்தும் உரிமையையே கட்டணம் செலுத்திப் பெறுகிறோம். டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகப்படியாகப் பத்து ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். அதன்பின் மீண்டும் புதுப்பிக்க வேண்டும்.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தோடு இதனை ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பெட்டகம் வங்கியினுடையது, உள்ளே இருக்கும் நகை வாடிக்கையாளருடையது, ஆண்டுதோறும் வாடகை உண்டு. களப்பெயரிலும் மூன்று தரப்பினர் உள்ளனர். ஓர் ஈற்றுக்குரிய முழுப் பேரேட்டையும் பேணுவது பதிவகம். டாட் காமுக்கு வெரிசைன் என்னும் அமெரிக்க நிறுவனமும், டாட் இன்னுக்கு நிக்சியும் பதிவகங்கள். நம்மிடம் பணம் பெற்று அப்பேரேட்டில் நம் பெயரை ஏற்றுபவர் பதிவாளர். மூன்றாமவர், பதிவு பெற்றவராகிய நாம். பதிவாளர் அப்பெயரின் உரிமையாளர் அல்லர் என்பதையும், அவர் பெறும் பதிவுக் கட்டணம் வருமான வரிச் சட்டத்தில் ராயல்டி ஆகாது என்பதையும் 2023-ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது.

ஆனால் ஒரு செய்தியில் பெட்டகமும் களப்பெயரும் பெரிதும் வேறுபடுகின்றன. ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வாடகை செலுத்தப்படாத பெட்டகத்தையே வங்கி உரிய அறிவிப்புகளுக்குப் பின் திறக்கலாம். உள்ளே இருப்பது அப்போதும் வாடிக்கையாளருடையதே. களப்பெயருக்கு அத்துணை அவகாசம் இல்லை. டாட் காம் பெயரின் காலம் முடிந்தபின், பழைய கட்டணத்திலேயே புதுப்பிக்கப் பதிவாளர் அதிகப்படியாக 45 நாள்வரை இடமளிக்கலாம். அளிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன்பின் கூடுதல் மீட்புக் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள். பிறகு 5 நாள் கழிந்ததும் பெயர் பொதுவில் விடப்படும். முதலில் வருபவர் அதனை எடுத்துக்கொள்வார். பல பதிவாளர்கள் அந்நாள்வரை காத்திராமல் இடையிலேயே ஏலத்திற்கும் விடுகின்றனர்.

இத்தவறு சிறியோருக்கு மட்டும் நேர்வதன்று. 1999-ஆம் ஆண்டு டிசம்பரில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பாஸ்போர்ட் டாட் காம் என்னும் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. அதன் வழியாகவே ஹாட்மெயில் பயனாளர்கள் உள்நுழைய வேண்டியிருந்ததால் பலருக்கு அஞ்சல் திறக்கவில்லை. அமெரிக்க நிரலாளர் ஒருவர் தம் கடனட்டையில் 35 டாலர் செலுத்திய பின்னரே நிலைமை சீரடைந்தது. அவர் நல்லெண்ணம் கொண்டவராக இருந்தது அந்நிறுவனத்தின் நற்பேறு.

செலவுக் கணக்கு

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை பதிவுக்குக் கட்டணமே இல்லை. பின்னர் டாட் காம் பெயருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று விதிக்கப்பட்டது. 1999-இல் பல பதிவாளர்கள் போட்டிக்கு வந்தபின் விலை சரிந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் டாட் காமுக்குப் பதிவகம் பெறும் மொத்த விலை ஆண்டொன்றுக்கு 10.26 டாலர். உலக அளவில் களப்பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்புக்கு 20 சென்ட் சேரும். ஆக 10.46 டாலர். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 889 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,050 ரூபாய். இதில் பதிவாளரின் இலாபம் ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை.

இக்கணக்கை மனத்தில் கொண்டால் விளம்பரங்களின் உட்பொருள் விளங்கும். டாட் காம் பெயரை முதலாண்டில் 99 ரூபாய்க்குத் தருபவர் தம் கையிலிருந்து இழந்தே தருகிறார். அவ்விழப்பைப் புதுப்பித்தல் கட்டணத்திலோ உடன் விற்கும் பிற சேவைகளிலோ ஈடு செய்துகொள்வார். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பதிவாளர் முதலாண்டுக்கு 99 ரூபாயும் பின் ஆண்டுக்கு 1,400 ரூபாயும் கேட்கிறார். மற்றொருவர் எல்லா ஆண்டுக்கும் 1,100 ரூபாய் கேட்கிறார். ஐந்து ஆண்டுகளில் முன்னவருக்குச் செலுத்துவது 5,699 ரூபாய், பின்னவருக்கு 5,500 ரூபாய். மலிவாகத் தோன்றியது ஐந்தாம் ஆண்டில் மலிவாக இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி முதலாண்டு விலையன்று, புதுப்பித்தல் விலையே. மேலும், தளத்தைத் தாங்கி நிற்கும் ஹோஸ்டிங், மின்னஞ்சல், வடிவமைப்பு ஆகியவை களப்பெயரினின்றும் வேறான செலவுகள். எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் காட்டும் விலைப்பட்டியலில் களப்பெயருக்கு எவ்வளவு என்று தனியே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்ற தொழில்முனைவோர் தம் பதிவெண்ணைக் கொடுத்து விலைப்பட்டியல் பெற்றால், செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகவும் கொள்ளலாம்.

யாருடைய பெயரில்?

நஞ்சன்கூடு சாலையில் ஊதுவத்தி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தளத்தை வடிவமைத்துத் தந்தவரே வசதி கருதித் தம் கணக்கில், தம் மின்னஞ்சலைக் கொடுத்து, தம் பெயரிலேயே களப்பெயரைப் பதிவு செய்துவிடுகிறார். உரிமையாளர் ஆண்டுதோறும் அவரிடம் பணம் கொடுத்துவருகிறார். அட்டைப்பெட்டி, விலைப்பட்டியல், கடைப் பலகை என எல்லாவற்றிலும் அம்முகவரி அச்சாகிவிட்டது. சில ஆண்டுகளில் வடிவமைப்பாளர் வேறூர் சென்றுவிடுகிறார். புதுப்பித்தல் அறிவிப்புகள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே செல்கின்றன. பேரேட்டின்படி அப்பெயர் அவருடையது. பணம் கொடுத்தவர் யார் என்பது பேரேட்டில் இல்லை.

பெயர் கைமாறினால் தளம் மட்டும் போவதில்லை என்பதே இதில் வங்கியாளராகிய நாங்கள் அதிகம் வலியுறுத்த விரும்பும் செய்தி. அக்களப்பெயரில் அமைந்த மின்னஞ்சல் முகவரிகளும் உடன் போகும். நிறுவனம் அம்முகவரியையே வங்கிக் கணக்குக்கும் வரித் தளங்களுக்கும் கொடுத்திருந்தால், கணக்கு அறிக்கைகளும் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்புகளும் பெயரைப் புதிதாக எடுத்தவரின் அஞ்சல் பெட்டிக்குச் சென்று சேரும். ஆயிரம் ரூபாய் வாடகை தவறியதால் நிறுவனத்தின் நிதிக் கதவுகளுக்குரிய திறவுகோல்களுள் ஒன்று அயலார் கைக்குப் போகிறது.

ஆகவே, பதிவு நிறுவனத்தின் பெயரிலோ உரிமையாளரின் பெயரிலோ இருத்தல் வேண்டும். கணக்கின் கடவுச்சொல் உரிமையாளரிடம் இருத்தல் வேண்டும். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே களப்பெயரில் அமைந்ததாக இருத்தல் ஆகாது. பெயர் காலாவதியாகும்போது அவ்வஞ்சலும் நின்றுவிடும் என்பதால், எச்சரிக்கையே வந்து சேராது. கூட்டு நிறுவனமாயின், பங்காளிகள் பிரியும்போது களப்பெயர் யாருக்குச் சேரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது நன்று. தனியுரிமை நிறுவனமாயின், தமக்குப் பின் அதனை யார் ஏற்பது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரும் சட்டமும்

ஒரு பெயரை முதலில் பதிவு செய்துவிட்டால் அது சட்டப்படியும் நமதாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை தந்த முதன்மையான இந்திய வழக்கு கர்நாடகத்தில்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் கூறுகளைச் சேர்த்து 'சிஃபி' என்னும் புதுச்சொல்லை ஆக்கி, 1999-இல் அதனைக் கொண்ட களப்பெயர்களைப் பதிவு செய்தது. பின்னர் வேறொரு நிறுவனம், ரோமன் எழுத்தில் ஓர் 'எஃப்' கூடுதலாக இட்டு, ஒலியில் அதைப் போன்றே அமைந்த 'சிஃபிநெட்' என்னும் பெயர்களைப் பதிவு செய்து தொழில் நடத்தியது. பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டு மே 6 அன்று அளித்த தீர்ப்பில் தடையை மீண்டும் நிலைநாட்டியது. களப்பெயர்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லாவிடினும், வணிகக் குறியைப் போன்றே அதுவும் ஒரு தொழிலை அடையாளம் காட்டுவதால், பிறர் பெயரைத் தம் பெயர்போல் காட்டி வணிகம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் பொருந்தும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கொள்ளலாம். முதலில் பதிவு செய்துவிட்டார் என்பதனாலேயே ஒருவர் பிறர் ஈட்டிய நற்பெயரில் உரிமை கொண்டாட முடியாது. அவ்வாறே, களப்பெயர்ப் பதிவு வணிகக் குறிப் பதிவுக்கு ஈடாகாது. வணிகக் குறி விண்ணப்பத்தை இணையவழியே அளிக்கத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும். தொழிலின் பெயர் நிலைபெற்றுவிட்டதெனில் இச்செலவைத் தள்ளிப்போடலாகாது. டாட் இன் பெயர்களைப் பற்றிய பிணக்குகளுக்கு நீதிமன்றம் செல்லாமலே நடுவர் வழியாகத் தீர்வு காணும் ஏற்பாடும் நிக்சியிடம் உள்ளது.

நம் நகரத்திற்கென இரண்டு சிறப்புச் செய்திகள் உள்ளன. மைசூர்ப் பட்டு, மைசூர் ஊதுவத்தி, மைசூர் சந்தன எண்ணெய், மைசூர் மர இழைப்பு வேலை ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. இச்சொற்கள் அடங்கிய களப்பெயர் கிடைத்துவிட்டது என்பதனால், வேறோர் ஊரில் செய்த பொருளை அப்பெயரால் விற்கும் உரிமை கிட்டாது. அடுத்து, 2014-ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் நகரின் பெயர் ரோமன் எழுத்திலும் 'மைசூரு' என மாறியது. 'ஓ, ஆர், ஈ' என முடிந்த பழைய எழுத்துக்கூட்டு 'யூ, ஆர், யூ' என்று முடிவதாயிற்று. ஊர்ப்பெயரைத் தம் பெயரில் கொண்ட நிறுவனத்தை இருவேறு எழுத்துக்கூட்டிலும் மக்கள் தேடுவர். இரண்டையும் பதிவு செய்து ஒரே தளத்திற்குத் திருப்பிவிட ஆகும் கூடுதல் செலவு ஓராண்டு வாடகை மட்டுமே.

பழைய பெயரைக் கைவிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 1913-இல் தோன்றிய மைசூர் வங்கி, பின்னாளில் ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஆகி, 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. ஆயினும் பழைய பெயர் முதியோர் நாவில் இன்றும் வழங்குகிறது. எந்த நிறுவனம் பெயர் மாறினாலும் இவ்வாறே நேரும். மக்கள் பழைய பெயரை நினைவில் வைத்திருக்கும்வரை, பழைய களப்பெயரையும் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இல்லையேல் அந்நினைவைப் பிறர் பயன்படுத்திக்கொள்வர்.

வங்கிகளுக்கெனத் தனிப்பெயர்

சிஃபி வழக்கில் ஓர் எழுத்து செய்த வேலையையே இன்று மோசடிக்காரர்கள் வங்கிப் பெயர்களில் செய்கின்றனர். அதனைத் தடுக்கும் பொருட்டு, இந்திய வங்கிகளுக்கு மட்டுமே உரிய பேங்க் டாட் இன் என்னும் ஈற்றை ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாறிவிட வேண்டும் என்றும் பணித்தது. அதன் ஒரே பதிவாளர், ஐதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப மேம்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம். வேறெவரும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவ்வீற்றில் பெயர் பெற முடியாது. மற்ற ஈறுகளில் கட்டணம் செலுத்தினாலே பெயர் கிடைக்கிறது. இங்கே வங்கி என்பதற்கான தகுதியும் வேண்டும். இதுவே இதன் மதிப்பு.

ஆனால் முகவரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவருக்கே இக்காப்பு பயன்படும். முகவரியின் முதல் சாய்கோட்டுக்கு முன்புள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'எங்கள்வங்கி.பேங்க்.இன்' என்பது முறையானது. 'எங்கள்வங்கி.பேங்க்.இன்.சலுகை.காம்' என்பதன் உண்மையான உரிமையாளர் 'சலுகை.காம்' என்னும் பெயரைப் பதிவு செய்தவரே. முன்னால் இருப்பவை அவர் விரும்பியபடி ஒட்டிக்கொண்ட சொற்கள். 'எங்கள்வங்கி-பேங்க்.இன்' என்பதும் போலியே. அங்கே பேங்க் என்பதற்கு முன்னால் இருப்பது புள்ளியன்று, சிறுகோடு. முகவரியின் அருகே காணும் பூட்டுச் சின்னம், தகவல் இடையில் களவாடப்படாமல் செல்கிறது என்பதையே காட்டும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதை அது காட்டாது. போலித் தளத்தில் விவரங்களை அளித்துப் பணம் இழக்க நேர்ந்தால், காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணையும் தம் வங்கியையும் அழைக்க வேண்டும்.

புதுப்பித்தலும் கட்டண ஏற்பாடும்

தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையின் காலம் முடிந்து புதிய அட்டை வந்தால், பழைய எண்ணில் செய்த ஏற்பாடு பயன்படாது போகலாம். தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த மின்னாணை முறையில், 15,000 ரூபாய் வரையிலான தொகை ஒவ்வொரு முறையும் கடவுஎண் கேட்காமல் எடுக்கப்படும். 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பும் வரும். வெளிநாட்டுப் பதிவாளர் இம்முறைக்கு உட்படாதவராயின் பணம் எடுக்கும் முயற்சி மறுக்கப்படலாம். அட்டையில் பன்னாட்டுப் பரிவர்த்தனை திறக்கப்படாதிருந்தாலும் அதே நிலைதான். ஆகவே காலம் முடிவதற்கு ஒரு திங்களுக்கு முன்பே ஒருமுறை உள்நுழைந்து தேதியைச் சரிபார்ப்பது நலம். நீண்ட காலத்திற்கு நடத்தப்போகும் தொழிலாயின், சில ஆண்டுகளுக்கான கட்டணத்தை ஒருங்கே செலுத்துவதும் தக்கதே. விலையேற்றத்தினின்றும் மறதியினின்றும் அது ஒருசேரக் காக்கும்.

காப்பீட்டுப் பத்திரம், வணிக உரிமம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை வைத்திருக்கும் கோப்பில் களப்பெயருக்கும் ஒரு தாள் இருக்கட்டும். பெயர், பதிவாளர், யார் பெயரில் பதிவு, எந்த மின்னஞ்சல், எந்நாள்வரை, எந்த அட்டையிலிருந்து கட்டணம் என்னும் ஆறு விவரங்களை அதில் எழுதி வையுங்கள். இவ்வாறில் ஒன்றுக்கேனும் விடை தெரியவில்லையெனில், இவ்வாரத்திலேயே அதனைக் கண்டறிந்து நிரப்புங்கள்.